அப்பாவின் காணாமல் போன ஏழு வருஷம்

"அங்க என்னப்பா வேலை பாக்குற?" என்று ஊரில் யாராவது கேட்டால், "ரெண்டு நோட்டுல இருக்குற கணக்கை ஒத்துப் பாக்குற வேலை" என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையும் அதுதான். 2015-லிருந்து மூன்று வருஷம் இங்கே இங்கிலாந்தில் வேறெதுவும் செய்யவில்லை.

விஷயம் 1978 ஏப்ரல் 6-ல் ஆரம்பிக்கிறது. ஒழுங்கான பென்ஷன் திட்டம் வைத்திருக்கும் கம்பெனி, அரசாங்கத்தின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அன்று ஒரு ஏற்பாடு வந்தது. முதலாளி, தொழிலாளி இருவருக்கும் தேசியக் காப்பீட்டுச் சந்தா குறையும். பதிலுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கம்பெனித் திட்டமே உத்தரவாதமாகத் தரவேண்டும். யார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று கம்பெனி ஒரு கணக்கு வைத்தது, அரசாங்கம் ஒரு கணக்கு வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் அவசரம் இல்லை. 2016 ஏப்ரல் 6-ல் அந்த ஏற்பாடே ஒழிந்தது. தகராறு இருந்தால் 2018 அக்டோபர் 31-க்குள் கேளுங்கள் என்று வரித்துறை சொன்னதும்தான் எல்லாரும் நோட்டைத் திறந்தார்கள். இதில் இருப்பவர் அதில் இல்லை, அதில் செத்தவர் இதில் உயிரோடு! வித்தியாசம் வாரத்துக்கு 2 பவுண்டுக்குள் என்றால் விட்டுவிடுவது பல திட்டங்களில் வழக்கம். நானும் அப்படி நிறைய வரிகளை விட்டிருக்கிறேன்.

அந்தச் சமயம், 2017-ல், மைசூர் போயிருந்தேன். வேலையைப் பற்றி அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். "அப்ப இதையும் ஒத்துப் பாரு" என்றார்.

அப்பா 1979-ல் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி மைசூருக்கு வேலை தேடி வந்தவர். கிருஷ்ணராஜேந்திரா மில் ஒரு பக்கம், யாதவகிரியில் ஜாவா மோட்டார் சைக்கிள் செய்த ஐடியல் ஜாவா ஒரு பக்கம் என்று ஊரில் சங்கு ஊதிய காலம். (ஜாவா 1996-ல் மூடிவிட்டார்கள்.) அப்பா சேர்ந்தது வேறொரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம்.

பி.எஃப். என்று நாம் சாதாரணமாகச் சொல்வது 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952-ல் சட்டமானது. முதலில் சிமெண்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்று ஆறே தொழில்கள். 1971 மார்ச்சில் குடும்ப பென்ஷன் சேர்ந்தது. 1995 நவம்பர் 16-ல்தான் தொழிலாளிக்கே மாத பென்ஷன் என்ற திட்டம் வந்தது. அதற்காக முதலாளியின் பங்கில் 8.33 சதவீதம் அரசாங்கத்துக்குப் போகும். விலக்கு வாங்கிய பெரிய கம்பெனிகள் பி.எஃப். பணத்தைத் தங்கள் டிரஸ்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பென்ஷன் பங்கு அரசாங்கத்துக்கு. ஆகவே இங்கேயும் ரெண்டு நோட்டு!

அப்பாவுடைய கம்பெனியிலும் டிரஸ்ட்தான். 2004-ல் ஓய்வு பெற்றபோது வந்த பென்ஷன் ஆர்டரில் சர்வீஸ் 1986-லிருந்துதான் இருந்தது. முதல் ஏழு வருஷம் எங்கே? அப்பா பெயரைச் சண்முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போது கன்னட குமாஸ்தா எழுதியது 'ஷண்முக'. 1986-ல் கம்பெனி பதிவேடுகளைப் புதுசாக எழுதியபோது யாரோ 'எஸ். சண்முகம்' என்று சரியாக எழுதிப் புது நம்பர் போட்டுவிட்டார். ஷண்முகரும் சண்முகமும் இரண்டு ஆள் ஆகிவிட்டார்கள். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நமக்கு இது புதுசில்லை. பான் கார்டுக்கு இனிஷியலை விரித்து எழுதப்போய், இங்கே என் மகளைப் பள்ளியில் அவள் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஏழு வருஷத்தின் விலை என்ன? 1995-க்கு முந்தைய சர்வீசுக்கு ஒரு அட்டவணை உண்டு. அப்போது 2500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவருக்கு, 11 வருஷம் வரை என்றால் 85 ரூபாய், 15-க்கு மேல் 20 வரை என்றால் 135. 1995-லிருந்து 58 வயது வரை எத்தனை வருஷமோ அதற்கேற்ற எண்ணால் அதைப் பெருக்குவார்கள். அப்பா விஷயத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக மாதம் நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இங்கே நான் தள்ளிவிட்ட 2 பவுண்டு, அந்த வருஷ மாற்று விலையில் நூற்று அறுபது ரூபாய்க்கு மேல், அதுவும் வாரத்துக்கு. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

பழைய சம்பளப் பதிவேட்டைக் கேட்டால், கம்பெனி கைமாறிவிட்டது, இல்லை என்றார்கள். பி.எஃப். வருடாந்திரச் சீட்டு நாலு இருந்தது, எல்லாம் ஷண்முக. கடைசியில் காப்பாற்றியது வருமான வரி. 1985-ல் கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றிதழில் பெயர் எஸ். சண்முகம், பிடித்தம் செய்த பி.எஃப். தொகை, பக்கத்திலேயே பழைய நம்பர்! அந்த வருஷச் சீட்டிலும் அதே தொகை, பைசா சுத்தமாக. பென்ஷன்காரர்கள் இரண்டாக்கிய மனுஷனை வரிக்காரர்களின் காகிதம் ஒன்றாக்கியது. மேல்நாட்டில் நான் பார்க்கும் வேலையின் சாரமே இதுதான் என்று அம்மாவுக்கு அன்றுதான் புரிந்தது.

2014 அக்டோபருக்குப் பிறகு எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே யு.ஏ.என். நம்பர். ஆனால் அதற்கு முன்னால் பெங்களூரிலோ சென்னையிலோ இரண்டு மூன்று இடம் வேலை பார்த்துவிட்டு விமானம் ஏறியவர்கள் நம்மில் நிறைய. பழைய நம்பர்கள் ஒன்று சேர்ந்துவிட்டனவா, பெயர் பான், ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபார்ம் 16-ஐத் தூக்கிப் போடாதீர்கள்.

திருத்திய ஆர்டர் 2019-ல் வந்தது. 1979 என்று சரியாக இருந்தது. நிலுவைத் தொகையும் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைத்தான் முதலில் படித்தாராம். 'ஷண்முகம் எஸ்'. "மூணாவது ஆளு வந்துட்டான்டா" என்று போனில் சிரித்தார். உறையில் போட்டு வைத்திருக்கிறார்.