அலியோடு சென்னைக்கு வந்த ஜிம்மி எல்லிஸ்

1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியோடு கண்காட்சிக் குத்துச்சண்டை ஆடியவர் ஜிம்மி எல்லிஸ். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய ஊர் இது. கூட்டம் அலிக்காகவே வந்தது. எதிரே நின்றவரும் முன்னாள் உலகச் சாம்பியன்தான்.

எல்லிஸ் 1940இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். தேவாலயத்தில் பாடுவார். அதே ஊர்க்காரரான அலி இரண்டு வயது இளையவர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் தன் நண்பனை அலி தோற்கடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் எல்லிஸ் கையுறை மாட்டினார். இருவருக்கும் பயிற்சி தந்தவர் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அமெச்சூர் காலத்தில் இருவரும் இரண்டு முறை மோதி, ஆளுக்கு ஒன்று வென்றார்கள்.

1961இல் தொழில்முறைக்கு மாறியபோது எல்லிஸ் மிடில்வெயிட் வீரர். எடை எழுபத்திரண்டு கிலோ சொச்சம். தோல்விகள் சேர்ந்தன. 1964இல் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியிடம் போய்ச் சேர்ந்தார். அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தபடி, அலியின் பெரிய சண்டைகளுக்கு முந்தைய சில்லறைச் சண்டைகளில் ஆடினார். உடம்பும் ஹெவிவெயிட்டுக்கு வளர்ந்தது.

1967இல் ராணுவத்தில் சேர மறுத்த அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. காலியான அந்த உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு பேருக்குப் போட்டி வைத்தது. முன்னணி வீரர் ஜோ பிரேசியர் கலந்துகொள்ளவில்லை. லியோடிஸ் மார்ட்டினை வீழ்த்திய எல்லிஸ், பலசாலி ஆஸ்கர் போனவெனாவை இரண்டு முறை கீழே சாய்த்து வென்றார். 1968 ஏப்ரல் 27 அன்று ஜெர்ரி குவாரியைப் பதினைந்து ரவுண்டில் புள்ளிக் கணக்கில் வென்று பட்டம் பெற்றார். குவாரியை அருகே விடாமல், எட்டி நின்று நிதானமாக ஆடிய சண்டை அது. விறுவிறுப்பு குறைவு, புத்தி அதிகம்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் பிளாயிட் பேட்டர்சனை வென்றது சர்ச்சையானது: புள்ளி போட்டது நடுவர் ஒருவர் மட்டுமே. பிறகு ஒன்றரை ஆண்டு சண்டையே அமையவில்லை. 1970 பிப்ரவரியில் பிரேசியர் நான்காம் ரவுண்டில் எல்லிஸை இருமுறை சாய்க்க, ஐந்தாம் ரவுண்டுக்கு டண்டி அவரை எழவே விடவில்லை.

1971 ஜூலையில் ஹூஸ்டனில் அலியோடு மோதல். டண்டி அன்று எல்லிஸ் பக்கம் நின்றார்; எல்லிஸுக்கு மேலாளரும் அவரே. பன்னிரண்டாம் ரவுண்டில் அலி முடித்தார்.

பயிற்சியில் ஒரு கண் பார்வை பழுதாகி, 1975இல் எல்லிஸ் ஓய்வுபெற்றார். 53 சண்டைகளில் வெற்றி 40, தோல்வி 12, ஒன்று சமன். ஐந்து ஆண்டு கழித்து வந்ததுதான் சென்னைப் பயணம். 2014இல் லூயிவில்லிலேயே காலமானார்.