ஐந்தாண்டு உறவும் அறுபத்தாறாண்டு நினைவும்

தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் நூல்களையும் பதிப்புகளையும் எண்ணிக் கணக்கிடுவர். மனிதரோடு மனிதர் கூடியிருந்த நாட்களை எண்ணுவார் அரியர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடன் உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், அவை ஐந்தாண்டு கூட நிரம்பவில்லை என்பது புலப்படும்.

1871-ஆம் ஆண்டு, பதினாறு வயது இளைஞராகத் தந்தையாருடன் அவர் மாயூரம் சேர்ந்தார். பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. படிக்க வருவதும் சிறிது காலத்தில் பிரிந்து போவதும் அங்கே பலருக்கு வழக்கமாக இருந்தன. அந்த அனுபவம் அவரைத் தயங்கச் செய்தது. எனினும் சேர்த்துக்கொண்டார். வேங்கடராமன் என்ற பெயருக்கு மாறாகச் சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவரும் அவரே.

கிடைத்த காலமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. திருவாவடுதுறையில் அம்மை கண்டு, மாணவர் தம் பாட்டனார் ஊராகிய சூரியமூலைக்குச் சென்று சில மாதம் தங்க நேர்ந்தது. பின்னர்க் குடும்பத்துக் கடனைத் தீர்க்கும் பொருட்டுக் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்தார். அங்கும் மாதங்கள் கழிந்தன. அரசாங்க அலுவலகத்துப் பணிப்பதிவேட்டில் ஐந்தாண்டு என்பது ஒரு பக்கத்தையும் நிரப்பாது. எங்களுள் ஒரு பதவி உயர்வுக்குக் கூட அது போதுவதில்லை. ஊரிலுள்ள பெற்றோரை ஆண்டுக்கு இருபது நாள் விடுமுறையில் கண்டு மீளும் நம்மனோர், பத்தாண்டுகளைக் கூட்டிப் பார்த்தாலும் ஏழு மாதம் தேறாது. இக்கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை என்பது வேறு செய்தி.

1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் மறைந்தார். வயது அறுபது. கிறிஸ்தவ மாணவராகிய சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படித்தார்.

இந்த ஐந்தாண்டில் கற்றவை அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் தலபுராணங்களுமே. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டு, சீவகசிந்தாமணியை அறிமுகம் செய்தார் என்பதை யாவரும் அறிவர். ஆகவே பிள்ளையவர்களிடம் கழிந்த காலம் வீண் என்று கருதுவாரும் உளர். அடியேனுக்கு அக்கருத்து உடன்பாடன்று. பொருள் விளங்காத ஏட்டின்முன் சலியாது அமரும் பொறுமை பாடப்புத்தகத்தால் வருவதில்லை. ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல, எழுத்தாணி பின்தங்காமல் எழுதிப் பழகிய கைக்கே அது வாய்க்கும். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சேறின. அவற்றுள் ஒன்றையேனும் பிள்ளையவர்கள் கண்டாரல்லர்.

ஆசிரியரின் சரித்திரத்தை எழுத வேண்டும் என்னும் ஆவல் நெடுங்காலம் உள்ளத்தில் இருந்தது. பதிப்புப் பணியோ இடையறாதது. இதற்குள் காலம் தன் வேலையைச் செய்தது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், மூத்த மாணவர் தியாகராச செட்டியாரும் 1888-இல் மறைந்தனர். நண்பர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1889-இல் மறைந்தார். உடனிருந்து கண்டவர் பலர் இவ்வாறு நீங்கிய பின்னர், 1933-இல் முதற்பாகமும் 1934-இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. ஐம்பத்தேழு ஆண்டு இடைவெளி! அப்போது ஐயருக்கு வயது எழுபத்தெட்டு.

பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்களை இன்று ஓதுவார் மிகச் சிலரே. ஆனால் அவர் எவ்வாறு பாடம் சொன்னார், எவ்வளவு எளிதாகச் செய்யுள் புனைந்தார், வறுமையில் எப்படி மாணவருக்குச் சோறிட்டார் என்பனவற்றை நாம் அறிவோம். ஒரு மாணவர் அந்நாட்களைக் கவனத்துடன் வாழ்ந்தமையே காரணம்.

1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ முற்றுப்பெறவில்லை. 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் காலமானபோது, கதை 1800-களின் இறுதியைத் தாண்டவில்லை. ஆசிரியரைப் பற்றிய பகுதியை மட்டும் அவர் முன்னரே நிறைவாக எழுதி முடித்திருந்தார்.