இதழ் இல்லாத கடுகுப் பூ

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக் கலைஞர் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். அவர் 1868இல் இங்கிலாந்தில் படம்பிடித்தவர்களில் ஒருவர் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர். அந்த ஹூக்கருக்கும் நம்ம லயத்துப் பக்கத்துக் கோவாவின் தூரத்துச் சொந்தம் ஒன்றுக்கும் ஒரு கதை இருக்கு.

1840. ஹூக்கருக்கு 22 வயசு, 'எரெபஸ்' கப்பலில் உதவி வைத்தியர். இந்து சமுத்திரத்தின் தெற்கே, மரமே இல்லாத கெர்கெலன் தீவில் கப்பல் நின்றது. அங்கே கோவா மாதிரியே ஒரு செடி. 1776இல் கேப்டன் குக்கோடு வந்த வைத்தியர் வில்லியம் அண்டர்சன் அதைப் பார்த்து, சேர் ஜோன் பிரிங்கிளின் நினைவாக 'பிரிங்க்லியா' என்று பெயர் குறித்திருந்தார். அது அச்சில் வருமுன்னே, 1778இல் இறந்துவிட்டார்.

இனம் காண்பதில்தான் சிக்கல். கடுகு, ராபு, கோவா எதை எடுத்தாலும் பூவில் சிலுவை மாதிரி நாலு இதழ் இருக்கும். இந்தப் பூவில் பெரும்பாலும் இதழே இல்லை. பறக்கும் பூச்சி அரிதான, காற்று ஓயாத தீவு அது. மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகுது, இதழ் யாருக்கு? ஆனா நாலு புல்லி, ஆறு மகரந்தத்தாள், காயின் அமைப்பு, வேரைக் கடித்தால் ஏறும் காரம் எல்லாம் கடுகுக் குடும்பம் என்றே காட்டின. மாலுமிகள் அதை அவித்துச் சாப்பிட்டார்கள். 'ஸ்கர்வி நோயை எதிர்ப்பது' என்று பொருள்படும் அடைமொழியோடு ஹூக்கர் அதை நூலில் பதிந்தார். 1874இல் தீவில் முயல்களை விட்டார்கள். அவை மேய்ந்த இடங்களில் செடி அழிந்துபோனது.

இதில் நமக்கென்ன? இலங்கைத் தாவரங்களுக்குக் கைநூல் எழுதிக்கொண்டிருந்த ஹென்றி டிரைமன் 1896இல் இறந்தபோது, மிச்சத்தை 1900இல் முடித்துக் கொடுத்தவர் இதே ஹூக்கர்தான். கெர்கெலனில் பெயர் முதலில் வந்தது, முயல் பிறகு வந்தது. நம்ம மலையில் வரிசை மாறிப்போச்சு. கோப்பிக்கும் தேயிலைக்கும் நம்ம பாட்டன்மார் கையாலேயே காட்டை வெட்டவைத்த பிறகுதான் அந்தக் கைநூல் முழுமையானது. அதில் பல செடிகளுக்குத் தமிழ்ப் பெயரும் இருக்கு. யாரோ சொல்லித்தானே எழுதியிருப்பாங்க?

அடுத்த முறை ஓடைக்கரையில் நாலிதழ்ச் சின்னப் பூ ஒன்றைப் பார்த்தால் பிடுங்காதீங்க. மகரந்தத்தாளை எண்ணுங்க, படம் எடுங்க. அப்புறம் அம்மாயிகிட்ட அதன் பெயரைக் கேட்டு, பெயரோடு அவங்க பெயரையும் எழுதி வைங்க.