வியன்னா நகராட்சிக் குடியிருப்புகள்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் நகராட்சி தன் சொந்த நிதியில் கட்டி, தன் உடைமையாகவே வைத்து வாடகைக்கு விட்டுவரும் வீடுகள். இன்று இவை ஏறத்தாழ 2.2 லட்சம். நகராட்சியின் மானியத்தோடு லாப வரம்புக்கு உட்பட்ட சங்கங்கள் கட்டிய வீடுகள் இன்னும் 2 லட்சம் அளவுக்கு உண்டு. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இவ்விருவகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். கட்டடக் கலைக்காக அதிகம் பேசப்படும் இக்குடியிருப்புகளின் வரலாறு, உண்மையில் வரியின் வரலாறு. யாரிடம் வசூலிப்பது, வசூலிக்கும் உரிமை யாருக்கு என்பதற்கான விடை மாறிய போதெல்லாம் கட்டும் பணியும் போக்கு மாறியது.

முதல் உலகப் போருக்கு முன் வியன்னாவின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொட்டிருந்தது. தொழிலாளர்கள் ஒண்டுக் குடித்தனக் கட்டடங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1917இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி 95 விழுக்காடு சிறு வீடுகளுக்குள் குழாய் கிடையாது. 92 விழுக்காட்டில் கழிப்பறை இல்லை. தளத்துக்கு ஒரு பொதுக் குழாய், நடைவழியின் கோடியில் ஒரு கழிப்பறை. அந்த இடத்துக்கும் வாடகை கொடுக்க முடியாதவர்கள், பிறர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்களுடைய கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தூங்கினார்கள். காசநோய்க்கு ‘வியன்னா நோய்’ என்றே பெயர் விழுந்தது. வீடற்றோருக்கு அன்று கிடைத்ததெல்லாம் அறக்கட்டளைகளின் தயவு. பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபின் ஆட்சி விழா அறக்கட்டளையின் பணத்தில் 1905இல் திறக்கப்பட்ட மெல்டெமன் தெரு ஆண்கள் விடுதி அவற்றில் நல்ல வசதியுள்ளது. 1910 முதல் 1913 வரை அங்கே தங்கியவர்களில் ஒருவர் அடால்ஃப் ஹிட்லர் என்பதால் மட்டுமே அந்த விடுதி இப்போது நினைவுகூரப்படுகிறது.

போர்க்காலத்தில், 1917இல், வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரை வெளியேற்றவும் தடை வந்தது. போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் அந்த உறைந்த வாடகை பெயரளவுக்கானதாகிவிட்டது. லாபம் இல்லாததால் தனியார் கட்டுவதை நிறுத்தினார்கள். மனை விலை சரிந்தது. நகராட்சி குறைந்த விலைக்கு நிலம் வாங்கிச் சேர்க்க முடிந்தது இதனால்தான். இதற்கிடையே, வீடு கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் நகரின் விளிம்பில் நிலத்தைப் பிடித்துக் குடிசை போட்டுக் காய்கறி பயிரிட்டார்கள். இந்தக் குடியேறிகள் இயக்கத்தை நகராட்சி விரட்டாமல் ஒழுங்குபடுத்தியது. அதற்கென அமைந்த அலுவலகத்தில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் சில காலம் பணியாற்றினார்.

1919 மே மாதம், அனைவருக்கும் வாக்குரிமையோடு நடந்த முதல் நகராட்சித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. யாக்கோப் ரொய்மன் மேயரானார். அதைவிடப் பெரிய திருப்பம் 1922 ஜனவரி 1 அன்று நேர்ந்தது. வியன்னா, கீழ் ஆஸ்திரியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமாயிற்று. ஒரே அவை நகர மன்றமாகவும் மாநிலச் சட்டமன்றமாகவும் இயங்கியதால், மத்திய அரசிடம் கையேந்தாமல் வரிச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடைத்தது. இந்த ஒன்று இல்லாதிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியவர் நிதிப் பொறுப்பிலிருந்த ஊகோ பிரைட்னர். முன்பு வங்கி இயக்குநராக இருந்தவர், கணக்கில் கறார். வேலையாட்கள், மோட்டார் கார், பந்தயக் குதிரை, ஷாம்பேன், கேளிக்கை என்று வசதியின் அடையாளங்கள் அனைத்துக்கும் வரி போட்டார். 1923 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டுமான வரி அவருடைய முதன்மையான கருவி. வீடுகளின் போருக்கு முந்தைய வாடகையை அடிப்படையாகக் கொண்டு, ஏறுமுக விகிதத்தில் அது விதிக்கப்பட்டது. தொழிலாளியின் ஓரறை வீட்டுக்குச் சொற்பத் தொகை. மாளிகைக்கு மலைக்கவைக்கும் தொகை. மிக உயர்ந்த மதிப்புடைய அரை விழுக்காட்டுக் கட்டடங்களிலிருந்தே மொத்த வசூலில் ஏறத்தாழ 45 விழுக்காடு வந்தது. வரி முழுவதும் கட்டுமானத்துக்கே என்று சட்டம் சொன்னது. போதாததைப் பிற வரிகள் ஈடுகட்டின.

கடன் வாங்காமல் வரியில் கட்டியதே இத்திட்டத்தின் மூலசூத்திரம். வட்டியும் முதலும் அடைக்க வேண்டியதில்லை என்பதால் வாடகையில் பராமரிப்புச் செலவை மட்டும் வசூலித்தால் போதும். தொழிலாளியின் வருமானத்தில் சுமார் 4 விழுக்காடுதான் வாடகைக்குப் போயிற்று. 1923 செப்டம்பரில் ஐந்தாண்டில் 25,000 வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். அதைக் குறித்த காலத்துக்கு முன்பே எட்டினார்கள். 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்க வீடுகளில் பெரும்பாலானவை 38 அல்லது 48 சதுர மீட்டர்தான். குளியலறை இல்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தன. வளாகத்துக்குள் சலவைக் கூடம், பொதுக் குளியல், மழலையர் பள்ளி, நூலகம் இருந்தன. மனையின் பெரும்பகுதி முற்றமாக விடப்பட்டது. கார்ல் ஏன் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கட்டடம். 1,382 வீடுகள் கொண்டது. பல கட்டடங்களின் முகப்பில், வீட்டுக் கட்டுமான வரியிலிருந்து வியன்னா நகராட்சி கட்டியது என்று பெரிய சிவப்பு எழுத்தில் பொறித்தார்கள். திறந்துவைத்த தலைவர் பெயரோடு வரியின் பெயரையும் கல்வெட்டில் ஏற்றிய நகராட்சிகள் அபூர்வம். வரி கட்டியவர்களில் பலருக்கு அந்த எழுத்துகள் எரிச்சலூட்டின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பும் நிதி வழியாகவே வந்தது. பழமைவாதிகளின் கையிலிருந்த மத்திய அரசு 1931இல் வரிப் பகிர்வை மாற்றி வியன்னாவின் பங்கைக் குறைத்தது. பொருளாதாரப் பெருமந்தம் மீதியைத் தின்றது. 1934 பிப்ரவரியில் மத்திய அரசுக்கும் சமூக ஜனநாயகக் கட்சியினருக்கும் இடையே மூண்ட உள்நாட்டுச் சண்டையில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. கட்சி தடைசெய்யப்பட்டது, நகரம் மாநிலத் தகுதியை இழந்தது, திட்டம் நின்றது. கைதாகிப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய பிரைட்னர், 1946இல் கலிபோர்னியாவில் காலமானார். 1938இல் ஆஸ்திரியாவை நாஜிகள் இணைத்துக்கொண்டபோது, யூதக் குடும்பங்கள் நகராட்சி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டன.

போருக்குப் பின், மாநிலத் தகுதியை மீண்டும் பெற்ற நகராட்சி மறுபடி பெருமளவில் கட்டியது. ஆனால் பிரைட்னர் முறை திரும்பவில்லை. அதன் இடத்தில், ஊழியரும் முதலாளியும் ஊதியத்தில் ஆளுக்கு அரை விழுக்காடு செலுத்தும் வீட்டு மேம்பாட்டுப் பங்களிப்பு நிலைபெற்றது. பணக்காரர் வரியாக இருந்தது எல்லா உழைப்பாளரின் பங்காக மாறிற்று. 1989இல் வீட்டு மானிய அதிகாரம் மாநிலங்களுக்கு வந்தபோது வியன்னா மறுபடி தன் விருப்பப்படி செலவிடலானது. மானியப் பணத்தை வீட்டுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயத்தை மத்திய அரசு 2009இல் நீக்கியது. ஆனாலும், வாடகைதாரருக்கு உதவித்தொகை தருவதைவிடக் கட்டுமானத்துக்கே மானியம் தருவது என்ற பழைய கொள்கையை வியன்னா பெரிதும் விடாமல் வைத்திருக்கிறது.

1984இல் நிலம் வாங்கி வைக்கவும் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கவும் தனி நிதியம் அமைந்தது. நேரடிக் கட்டுமானம் படிப்படியாகச் சங்கங்களின் கைக்கு மாறி, 2004இல் நின்றது. வாடகை ஏறவே 2015இல் மீண்டும் தொடங்க முடிவெடுத்தார்கள்; முதல் வளாகம் 2019இல் நிறைவுற்றது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த மண்டல விதி, பெரிய புதுக் குடியிருப்புப் பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்கவும், அவற்றுக்கான மனை விலைக்கு உச்சவரம்பு வைக்கவும் வகை செய்தது. வரியால் செய்ததை இப்போது நகரமைப்பு விதியால் செய்கிறார்கள்.

வீடற்றோர் பணிக்கு நகரின் சமூக நிதியம் பணம் தருகிறது. வெளியேற்ற வழக்கு தொடங்கியதுமே குறுக்கிட்டு வீட்டைக் காப்பாற்றும் ஆலோசனை மையம், 2012 முதல் தங்கும் விடுதி என்ற இடைப்படியைத் தாண்டி நேரே சொந்த வாடகை ஒப்பந்தம் பெற்றுத்தரும் திட்டம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இத்தனை வீடுகளை வைத்திருக்கும் நகரில் யாருக்கு அவை கிடைப்பதில்லை என்பதும் பதிவுக்குரியது. நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க வியன்னாவில் இரண்டு ஆண்டு முதன்மை முகவரி வேண்டும் என்ற விதி, புதிதாக வந்தவர்களைத் தனியார் சந்தைக்கும், முகவரியே இல்லாதவர்களைக் காத்திருப்புக்கும் தள்ளுகிறது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்து வேலையும் இடமும் இழந்தவர்களில் பலருக்கு முழு உதவிக்கான தகுதி இல்லை. அவர்களுக்குக் குளிர்கால இரவு விடுதிகளும், 2018க்குப் பிறகு தொடங்கிய குறுகியகாலத் தங்குமிடங்களுமே வாய்க்கின்றன.