உம்மாட வீடு: கோறளைப்பற்றுக் கரையோரத்தில் மனையும் அமைதியும்

வாகரைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் சில வருடங்கள் தமிழ் படிப்பித்தேன். ஓட்டமாவடியில் பஸ் ஏறினால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி எல்லாம் தாண்டிப் போகவேணும். ஒருநாள் காய்ச்சலில் கிடந்த மாணவி ஒருத்தியைப் பார்க்க அவளுடைய வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. இரண்டு அறை, சின்ன விறாந்தை, முற்றம் கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. பிள்ளையின் தாய் பாயை விரித்து, "வாங்க ரீச்சர், இரிங்க. இது எங்கட அம்மாட வீடுதான்" என்றார்.

அந்தத் தாயின் அம்மா கட்டிக்கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போதுள்ள வீட்டின் பத்திரம் கணவரின் பேரில் இருக்கிறது. இருந்தும் வாயில் வந்த சொல் "அம்மாட வீடு". நமது ஊர்களில் "உம்மாட வீடு" என்கிறோமே, அதே சொல்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு ஆறுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

தமிழில் 'இல்' என்பதிலிருந்து இல்லாள் வந்தாள், 'மனை'யிலிருந்து மனைவி வந்தாள். வீட்டையும் பெண்ணையும் ஒரே வேரில் வைத்த மொழி இது. 'வீடு' என்ற சொல்லோ 'விடு' என்பதன் வழி வந்தது. விடுதலைக்கும் அதுவே பெயர். அரபியில் பார்த்தால், சூறா நஹ்லின் 80ஆம் வசனம் வீட்டைக் குறிக்க 'ஸகன்' என்ற சொல்லை ஆளுகிறது. அமைதி என்ற பொருளுடைய 'ஸகீனத்'தும் அதே வேர்தான். மத்ரஸாவில் பிள்ளைகள் எழுத்தின் தலையில் போடுகிற 'ஸுகூன்' குறியும் அதுவே: எழுத்து அசையாமல் நிற்கிற இடம். ஆக, மனிதர் அலைச்சல் நிறுத்தித் தரிக்கிற இடம் வீடு.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் அந்தத் தரிப்பிடம் நெடுங்காலமாகப் பெண் வழியில் கைமாறி வந்திருக்கிறது. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் 'குடி' தாய்வழியில்தான் எண்ணப்பட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்த முறை பல ஊர்களில் இன்னும் நினைவில் நிற்கிறது. தாய்வழி உரிமையைப் பேணிய முக்குவர் சட்டத்தை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கினார். அதே ஆண்டு வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்தச் சட்டம் வழக்கொழிந்து போனது. முஸ்லிம்களுக்கு 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவையும், உயில் எழுதாமல் மௌத்தானவரின் சொத்துப் பற்றிய 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இருந்தன.

சட்டங்கள் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. காரணம் எளியது. வாரிசுச் சட்டம் மௌத்துக்குப் பிறகுதான் பேசும். நமது பெற்றோரோ கலியாணத்தின்போதே நொத்தாரிசிடம் போய் மகள் பேரில் சீதன உறுதி முடித்துவிடுவார்கள். பங்கு பிரிக்கிற நாளில் பிரிப்பதற்கு வீடே மிஞ்சியிராது. அக்கரைப்பற்றில் பல காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இது நமக்கு மட்டும் உரிய விநோதமும் அல்ல. காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அங்கே வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வர 'முடுக்கு' என்ற ஒடுங்கிய சந்துகள் உண்டு. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடம் குடும்பப் பெருமனையே தாய்வழிச் சொத்து. இந்து சமுத்திரக் கரைகளில் ஆண்கள் கடலிலும் வியாபாரத்திலும் போய்விட, வீட்டைப் பெண் பிடித்துக்கொண்டு நின்ற உலகம் அது.

நமது பழைய வளவுகளைப் பாருங்கள். கிடுகு வேலி, அதில் ஒரு கடப்பு. கடப்படியில் நின்று ஸலாம் சொல்லவேணும். பதில் வந்தால் உள்ளே போகலாம், வராவிட்டால் திரும்பிப் போகவேணும். சூறா நூரின் 27, 28ஆம் வசனங்கள் கற்றுத்தந்த ஒழுங்கு அது. ஆண் விருந்தாளிக்கு விறாந்தையில் பன்பாயும் வெற்றிலை வட்டாவும். பெண்கள் பின்பக்கத்தால் குசினிக்கே வந்துவிடுவார்கள். அக்காவின் வளவும் தங்கையின் வளவும் அருகருகே. நடுவேலியில் ஆள் நுழைகிற இடைவெளி. கலியாணமான பெண் அந்நிய வீட்டில் மாமியின் முகம் பார்த்து நடுங்கவேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் பெற்ற தாய் கூப்பிடு தூரத்தில் இருப்பா. வந்த மாப்பிள்ளைதான் முதல் விருந்தாளி. வீட்டின் அமைதி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஏற்பாட்டில் இருந்தது.

இந்த ஏற்பாட்டை யுத்தம் உலுக்கியது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு பல முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில் எழுந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். அதே வருடக் கடைசியிலிருந்து 2007 ஜனவரி வரை வாகரைத் தமிழ் மக்கள் ஷெல்லடிக்குள் அகப்பட்டு, காட்டாலும் கடலாலும் வெளியேறி, வாழைச்சேனைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் கூடாரங்களில் ஒதுங்கினார்கள்.

கூடாரத்துக்குக் கடப்பு இல்லை. யாரும் கேட்காமல் தலையை நீட்டலாம். நிவாரணம் பதிய வந்தவரும் நீட்டினார், படம் பிடிக்க வந்தவரும் நீட்டினார். "பொறுங்க" என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் "வாங்க" என்று சொல்வதற்கும் பொருளில்லை. வரவேற்பு என்பது வாசலுக்கு உரிமையுள்ளவர் தருகிற கொடை.

சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பின்பு அதைத் தளர்த்தினார்கள். நிறுவனங்கள் ஏறத்தாழ 500 சதுர அடியில் வீடு கட்டின. பத்திரம் எழுதும்போது 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டார்கள். தலைவர் என்றால் ஆண்தானே என்று எழுதிக்கொண்டார்கள். அரச காணிக்குரிய 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் நீண்ட காலம் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னே மகனையே வைத்திருந்தது. நூற்றாண்டுகளாகப் பெண்ணிடம் இருந்த வீடு, தானமாகத் திரும்பி வந்தபோது பல இடங்களில் ஆணின் பேரில் வந்தது. வீட்டை இழந்ததைக் கடல் செய்தது. உரிமையை இழந்தது ஒரு படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பியதால்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை. மகளின் அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் பெற்றோர். பெண் பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில் தகப்பனுக்குக் கடன். தம்பிமாருக்குக் கலியாணம் தள்ளிப்போகும். கல்லுக்கும் சீமெந்துக்குமாக உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். தன் பிள்ளைக்கு வீடு கட்ட அடுத்தவரின் வீட்டைக் கூட்டிய கதை நமது தெருவுக்குத் தெருவு உண்டு. வீடு இல்லாததால் கரைசேராத பெண்களும் உண்டு. சீதனம் கூடாது என்று மிம்பரில் பேசுகிறவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

என் உம்மாவும் இருந்த வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்வளவில் ஒரு பத்தி இறக்கி அதில் இருந்தா. "எனக்கு இது போதும் புள்ள" என்பா. ஆனால் ஆரும் வந்தால் முந்தி மாதிரி "இரிங்க" என்று தானாகச் சொல்லமாட்டா. என் முகத்தைப் பார்ப்பா. தன் கையால் மெழுகிய வீட்டில் உம்மா விருந்தாளியாகிவிட்டா என்பது, அவ மௌத்தான பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது எனக்கும் மகள் இருக்கிறாள். வழக்கத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டால் பெண் கையில் எஞ்சியிருந்த ஒரே சொத்தும் போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டால் இன்னொரு உம்மா பத்திக்குப் போவா. நான் கண்ட வழி சிறியது. கட்டுவதை மாப்பிள்ளையும் சேர்ந்து கட்டட்டும். இரண்டு அறை போதும், மாடி வேண்டாம். உறுதி மகளின் பேரில் இருக்கட்டும். பெற்றவர்களுக்குச் சீவிய உரித்தையும் அதே உறுதியில் எழுதட்டும். நொத்தாரிசு ஒரு வரி கூடுதலாக எழுதவேணும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்திருந்தால், என் உம்மா என் முகத்தைப் பார்க்காமலே வந்தவர்களை "வாங்க, இரிங்க" என்று சொல்லியிருப்பா.