ஸ்டியரிங் உணர்வு

முன் டயர்கள் வீதியை எவ்வளவு பிடித்திருக்கின்றன என்பது ஸ்டியரிங் வழியே ஓட்டுநரின் கைக்குத் தெரிவதே ஸ்டியரிங் உணர்வு. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மககஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில், ஒடுங்கிய ஏற்றத்தின் வளைவுகளில் காரை நம்பி விரட்ட இதுவே ஆதாரம். பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் வீதியில் சாதாரணக் காரிலும் இதை உணரலாம்.

வளைவில் டயரின் பக்கவிசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் செயற்பட்டுச் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. கையில் கனக்கும் எதிர்ப்பில் பெரும்பங்கு அதுதான். பிடி எல்லையை நெருங்க நெருங்க, நடுவுக்கும் விசை செயற்படும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். சறுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் இலேசாகிவிடும். மழையில் நனைந்த தார் வீதியில் உயிர் காக்கும் எச்சரிக்கை இது. வெறும் கனத்தை நல்ல உணர்வென்று கொள்வது தவறு.

முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணத்தைக் கூட்டினால் கனமும், தானே நேராகும் இயல்பும் கூடும். தேய்ந்த ரப்பர் புஷ்கள், ஸ்டியரிங் தண்டின் உராய்வு, குறைந்த காற்றழுத்தம் ஆகியன உணர்வை மழுங்கடிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாமல் 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் கார் இந்த உணர்வுக்கு இன்றும் அளவுகோல். 2011இல் போர்ஷே 911 ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கை விட்டு மின்மோட்டார் உதவிக்கு மாறியபோது, வீதியின் சிறு அதிர்வுகள் கைக்கு எட்டவில்லையென ரசிகர் பலர் வருந்தினர்.