ஈருலோகப் பட்டை: வளைவுக் கணக்கின் வரலாறு

வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை நீளம் முழுவதும் பிணைத்துச் செய்வது ஈருலோகப் பட்டை. சூடேறும்போது, மிகுதியாக விரியும் தகடு வெளிப்புறம் அமையுமாறு அது வளையும். இஸ்திரிப் பெட்டியிலும் குழல்விளக்கின் ஸ்டார்ட்டரிலும் இருப்பது இதுவே.

இதை முதலில் உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் (1693–1776) என்பதே பொதுவான கருத்து. 1740இல் தொடங்கி 19 ஆண்டுகள் உழைத்த தம் மூன்றாம் கடற்கடிகாரத்தில் பித்தளையையும் எஃகையும் தறைந்து பயன்படுத்தினார். அவர் கணக்கிட்டுச் செய்ததைவிடச் சோதித்துத் திருத்தியதே மிகுதி எனலாம். முதுமையில் அவர் எழுதிய நூல் தெளிவின்மைக்குப் பேர்போனது.

1830இல் ஆண்ட்ரூ யூர், ஈருலோகப் பட்டையால் இயங்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1863இல் பிரெஞ்சு வானியலாளர் வில்லார்சோ, காலமானிகளை ஆராய்ந்தபோது வளைவைக் கணிதமாக்கினார்.

இன்று வழங்கும் கணக்கு ஸ்டீபன் திமோஷென்கோவுடையது. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1925இல் இதை வெளியிட்டார். உலோகம் வளைவதைப் பற்றிய அக்கட்டுரை வந்ததோ ஓர் ஒளியியல் இதழில்! அவர் எடுத்துக்கொண்டவை இரண்டே நிபந்தனைகள்: எந்தக் குறுக்குவெட்டிலும் விசைகளும் அவற்றின் திருப்புத்திறன்களும் சமநிலையில் இருக்கும், ஒட்டிய முகத்தில் இரண்டின் நீளமும் ஒன்று. தடிமனும் மீள்மைக் குணகமும் சமமான தகடுகளுக்கு விடை மிக எளிது: மொத்தத் தடிமனின் இருமடங்கை, விரிவெண் வேறுபாடு, வெப்பநிலை உயர்வு இவற்றின் பெருக்கலின் மும்மடங்கால் வகுத்தால் வளைவு ஆரம் கிடைக்கும்.

பித்தளை–எஃகு விரிவெண் வேறுபாடு பாகைக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 7 பங்கு. 1 மி.மீ. தடிமனுள்ள பட்டை 100 பாகை சூடேறினால் ஆரம் சுமார் 95 செ.மீ. 100 மி.மீ. நீளத்தில் இரு தகடுகளின் விரிவு வேறுபாடு வெறும் 0.07 மி.மீ.; ஒருமுனை பொருத்திய பட்டையின் மறுமுனையோ 5 மி.மீ.க்கு மேல் நகர்கிறது. எஃகின் குணகம் பித்தளையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பதைச் சேர்த்தாலும் விடை 3 விழுக்காடுதான் மாறும். தகடுகள் சமமாயின், விரிவு வேறுபாட்டில் பாதி ஒட்டுமுகத்தில் திரிபாக நிற்கும். வெளிமுகத்தில் கால் பங்கு, எதிர்க்குறியுடன்.

பட்டையின் முனைகளில் குவியும் சறுக்குத் தகைவை இச்சூத்திரம் காட்டாது. அதை 1986இல் எஃப்ரயீம் சுஹிர் விரிவாக ஆராய்ந்தார். ஒரு தகடு மிக மெல்லியதாயின், ஸ்டோனி 1909இல் தந்த சூத்திரமே போதும். சில்லுத் தொழிலில் மென்படலத் தகைவை அளக்க அது பயன்படுகிறது.

2006இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் ஹாரிசனுக்கு நினைவுக்கல் திறக்கப்பட்டது. அதில் தீர்க்கரேகையாகப் பதித்திருப்பது ஈருலோகப் பட்டை.